ஆண்டு 5 மாணவர்கள் காணொலி தொகுக்க எந்த மென்பொருள் சரிவரும்?

செபராங் டீச்சர்:

வணக்கம் ஆசிரியர்களே. பினாங்கு பெருநிலப் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆண்டு 5க்குத் தமிழும் வரலாறும் எடுக்கிறேன். இந்த முறை செயல்திட்டத்துக்குத் திரட்டேடு (படமும் குறிப்பும் ஒட்டிச் செய்யும் ஏடு) வேண்டாம், காணொலி செய்யலாம் என்று நினைக்கிறேன். திரட்டேட்டில் பாதிக்கு மேல் அம்மா அப்பா வெட்டி ஒட்டியதாகத்தான் வந்து சேர்கிறது.

தலைப்பு, வீட்டுப் பெரியவர் செய்த வேலை. எங்கள் வட்டாரத்தில் நிறையப் பிள்ளைகளின் தாத்தா பாட்டி பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள், சிலர் துறைமுகத்தில் தொங்காங்கில் (சரக்குப் படகில்) மூட்டை தூக்கியவர்கள், ஒருவர் ரயில் தண்டவாள வேலை பார்த்தவர். பத்து காவான் பக்கம் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தொழிற்சாலை நிற்கிறது. மங்கு (பால் வடியும் கிண்ணம்) என்றால் என்ன, பெரட்டு (காலையில் பெயர் கூப்பிடுவது) என்றால் என்ன என்று இந்தப் பிள்ளைகளுக்குத் தெரியாது, சொல்லத் தெரிந்தவர்களுக்கோ எண்பது வயதாகிவிட்டது. அதனால்தான் இந்த வருடமே செய்துவிட வேண்டும் என்று இருக்கிறேன்.

நான்கு பேர் கொண்ட குழு, ஒரு குழுவுக்கு இரண்டு மூன்று நிமிடக் காணொலி. பள்ளிக் கணினிக்கூடத்தில் இருப்பவை பழைய கணினிகள், சிலவற்றில் நினைவகம் 4 ஜிபிதான், விண்டோஸ் 10 ஓடுகிறது. கொஞ்சம் குரோம்புக்கும் உண்டு. இணையம் காலையில் பரவாயில்லை, எல்லா வகுப்பும் ஒன்றாகத் திறந்தால் நின்றுவிடும். பிள்ளைகள் எல்லாரும் கேப்கட் கேப்கட் என்கிறார்கள், ஆனால் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டுவர முடியாது, அது உங்களுக்கே தெரியும். எந்த மென்பொருளை எடுத்தால் இந்தக் கணினிகளில் ஓடும், பத்து பதினொரு வயதுப் பிள்ளைகள் தாங்களாகவே கையாள்வார்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

கணினிக்கூடம்:

வணக்கம் டீச்சர். நான் பட்டர்வொர்த்தில் ஒரு பள்ளியின் கணினிக்கூடப் பொறுப்பாளர். முதலில் கேப்கட்டைப் பேசி முடித்துவிடுவோம். நல்ல செயலிதான், ஆனால் அவர்களின் விதிமுறையிலேயே 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஆண்டு 5 பிள்ளைக்குப் பதினொன்றுதான். வீட்டில் பெற்றோர் கணக்கில் செய்வது அவர்கள் விருப்பம், நாம் பள்ளி வேலைக்கு அதைத் திறக்கச் சொல்லக் கூடாது. அதோடு முன்பு இலவசமாக இருந்த சில வசதிகள் இப்போது கட்டணத்துக்குப் போய்விட்டன. பிள்ளை ஒரு மணி நேரம் உட்கார்ந்து செய்துவிட்டு வெளியே எடுக்கும்போது பணம் கட்டு என்று வந்து நிற்கும்.

குரோம்புக்கில் எதையும் நிறுவ வேண்டாம், டெலிமா (கல்வி அமைச்சின் இணையக் கற்றல் தளம்) அடையாள எண் வழியாகக் கேன்வாவில் நுழைந்தால் போதும். வெட்டுவது, இரண்டாகப் பிரிப்பது, குரலைப் பின்னணியில் வைப்பது, எழுத்துப் போடுவது எல்லாம் அதில் முடியும். ஒரே கோப்பில் நான்கு பேரும் வேலை செய்யலாம் என்பது குழு வேலைக்குப் பெரிய வசதி. ஒரே சிக்கல் இணையம். காணொலியை மேலேற்றும் நேரத்தில்தான் எல்லாம் நிற்கும், அதனால் நீங்களே முதல் நாள் மாலையில் ஏற்றி வைத்துவிடுங்கள்.

கிளிப்சாம்பும் நல்லது. மைக்ரோசாப்ட் 2021இல் வாங்கியது, விண்டோஸ் 11இல் கூடவே வருகிறது, விண்டோஸ் 10இல் எட்ஜ் அல்லது குரோம் உலாவியில் திறக்கலாம். 1080பி தரம் வரை நீர்க்குறி (படத்தின் மேல் விழும் நிறுவன முத்திரை) இல்லாமல் இலவசமாக எடுக்க முடியும். ஆனால் 8 ஜிபி நினைவகம் இருந்தால்தான் ஒழுங்காக நகரும், உங்கள் 4 ஜிபி கணினியில் பிள்ளைகள் பொறுமை இழந்துவிடுவார்கள்.

பழைய கணினிகளுக்கு ஷாட்கட் போடுங்கள். இலவசம், திறமூலம், இணையமே தேவையில்லை. அமைப்பில் முன்னோட்டத்தை 360பி ஆக்கிவிட்டு, பிராக்சி என்பதையும் போட்டுவிட்டால், தொகுக்கும்போது சிறிய நகல்களை வைத்து ஓடும், கடைசியில் வெளியே எடுக்கும்போது அசல் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். முகப்பு பார்க்கக் கொஞ்சம் மிரட்டும், பொத்தான் அதிகம். பிள்ளைகளுக்கு மூன்று பொத்தானை மட்டும் காட்டுங்கள்: சேர், வெட்டு, நீக்கு. மற்றதை அவர்களே கண்டுபிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, யாராவது பழைய மூவி மேக்கர் போடலாம் என்பார்கள். மைக்ரோசாப்ட் அதை 2017 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. இப்போது தேடினால் கிடைக்கும் பல தளங்கள் போலியானவை, பள்ளிக் கணினியில் அதை இறக்கவே வேண்டாம்.

கத்தரிப்பு:

நான் ஆசிரியர் இல்லை, ஜார்ஜ்டவுனில் கல்யாணக் காணொலி தொகுத்துப் பிழைக்கிறவன். மேலே சார் சொன்ன மென்பொருள் எதை எடுத்தாலும் சரிதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் டீச்சர், உங்கள் காணொலி கெட்டுப்போவதாக இருந்தால் மென்பொருளால் கெடாது, சத்தத்தால்தான் கெடும். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் பாட்டி பேசுவது கேட்டால் உட்கார்ந்து பார்ப்பார்கள். பேச்சு கேட்காத படத்தை எந்த மென்பொருளாலும் காப்பாற்ற முடியாது.

அதனால் பதிவு செய்யும் அன்று சில விஷயங்களை மட்டும் கட்டாயமாக்குங்கள். மின்விசிறியை நிறுத்த வேண்டும், தொலைக்காட்சியை அணைக்க வேண்டும், பாட்டியின் முகத்திலிருந்து கை நீட்டும் தூரத்துக்குள் கைப்பேசி இருக்க வேண்டும். கைப்பேசியைப் படுக்கையாகப் பிடிக்க வேண்டும், கையில் பிடிக்காமல் நாற்காலி முதுகிலோ புத்தக அடுக்கிலோ சாய்த்து வைக்க வேண்டும். வீட்டில் இன்னொரு கைப்பேசி இருந்தால் அதில் குரலை மட்டும் பதிவு செய்து பாட்டியின் மடியில் வைத்துவிடலாம், தொடங்கும்போது ஒரு தடவை கைதட்டச் சொல்லுங்கள், அந்தத் தட்டலை வைத்து இரண்டையும் பிறகு பொருத்திக்கொள்ளலாம். எல்லாரும் பேசி முடித்த பிறகு அரை நிமிடம் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் பதிவு செய்யுங்கள். வெட்டிய இடங்களில் திடீரென்று காது அடைத்த மாதிரி வெறுமை வரும், அங்கே இதை அடியில் போட்டால் வெட்டே தெரியாது. மழை நாளாக இருந்து தகரக் கூரையில் சத்தம் என்றால் மட்டும் இன்னொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

கைப்பேசி அமைப்பில் 1080பி, நொடிக்கு 30 பிரேம் போதும். 4கே வேண்டவே வேண்டாம். ஐபோனில் 1080பி 30 பிரேமுக்கு ஒரு நிமிடம் சுமார் 60 எம்பி, 4கே என்றால் சுமார் 170 எம்பி, பழைய கணினி அங்கேயே மூச்சு வாங்கும். ஐபோனில் எடுப்பவர்கள் கேமரா வடிவமைப்பில் மோஸ்ட் கம்பாட்டிபிள் என்பதைத் தேர்ந்தெடுக்கட்டும், கோப்பு இரண்டு மடங்கு பெரிதாகும், ஆனால் பள்ளிக் கணினியில் திறக்கும். மற்றதில் எடுத்தால் பழைய விண்டோஸில் படம் கறுப்பாக வந்து குரல் மட்டும் கேட்கும் வாய்ப்பு உண்டு. புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பச் சொல்லாதீர்கள், அது சுருக்கிவிடும். அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள், அப்போது சுருக்காது.

இப்போது வெட்டுவதைப் பற்றி. பிள்ளைகள் முதலில் செய்வது என்ன தெரியுமா, படம் மாறும் இடத்தில் எல்லாம் சுழல்வது, பறப்பது, நட்சத்திரம் தெறிப்பது. அதைத் தடுங்கள் என்று சொல்ல மாட்டேன், ஒரு நாள் ஆடித் தீர்க்கட்டும். அடுத்த நாள் இப்படிச் செய்து காட்டுங்கள். பாட்டி, விடியற்காலை இருட்டில் விளக்கைக் கட்டிக்கொண்டு போவோம் என்று சொல்கிறார். அந்த வரி முடியும் முன்பே படத்தை அவர் கைகளுக்கு மாற்றுங்கள், குரல் தொடரட்டும். அந்தக் கை உளியைப் பிடித்த மாதிரி காற்றில் ஒரு கோடு இழுக்கும், பால்மரம் வெட்டியவர்கள் எல்லாரும் பேசும்போது அப்படித்தான் இழுப்பார்கள். கோட்டுப்பால் (வெட்டிய கோட்டில் உறைந்த பால்) எப்படி உரிப்போம் என்று அவர் விரல் காட்டும். பிள்ளை அதைத் தனியாக ஒரு முறை கிட்டத்தில் எடுத்து வைத்திருந்தால் போதும், முழுக்காணொலியும் அங்கே நிமிர்ந்துவிடும். மென்பொருளில் இதற்கு வேண்டியது ஒன்றே ஒன்று, குரலைப் படத்திலிருந்து பிரித்து வேறு தடத்தில் வைப்பது. ஷாட்கட், கிளிப்சாம்ப் இரண்டிலும் உண்டு.

பாட்டி பேச்சை நிறுத்திவிட்டு யோசிக்கும் இடத்தைப் பிள்ளைகள் காலி என்று நினைத்து வெட்டிவிடுவார்கள். அதை விடச் சொல்லுங்கள். பெயரை மறந்து தேடுகிறார், அப்புறம் கங்காணியின் பெயர் ஞாபகத்துக்கு வருகிறது, அந்தத் தேடல்தான் பார்க்கிறவர்களைப் பிடிக்கும்.

தாமான் அம்மா:

டீச்சர், பெற்றோராகக் கேட்கிறேன், தயவுசெய்து தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மகனுக்கு வேறு பள்ளியில் இதே மாதிரி காணொலி வேலை கொடுத்தார்கள். வீட்டில் செய்துகொண்டு வா என்று விட்டுவிட்டார்கள். கடைசியில் இரவு பதினொரு மணிக்கு அதை வெட்டிக்கொண்டிருந்தது என் கணவர். கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சிலர் ஒப்படைக்கவே இல்லை. திரட்டேட்டில் நடந்ததுதான் இங்கேயும் நடக்கும், செலவு மட்டும் கூடும். பதிவு செய்வது வீட்டில் நடக்கட்டும், வெட்டுவது முழுக்கப் பள்ளி நேரத்தில் நடக்கும் என்று எழுதியே கொடுத்துவிடுங்கள், பெற்றோர்கள் உங்களை வாழ்த்துவார்கள்.

அப்புறம் எங்கே போடுவீர்கள் என்பதை முதலிலேயே சொல்லுங்கள். பள்ளி முகநூல் பக்கத்தில் போடுவதாக இருந்தால் பிள்ளையின் முகம், பெயர், வீட்டு வாசல் எண் எல்லாம் வெளியே போகிறது. பாட்டியிடமும் கேட்க வேண்டும். என் மாமியார் பேரனுக்காகப் பேசுவார், ஊருக்காகப் பேச மாட்டார், அது அவர் உரிமை. வகுப்பில் மட்டும் காட்டலாம், பள்ளியில் எல்லாருக்கும் காட்டலாம், இணையத்தில் போடலாம் என்று மூன்று கட்டம் போட்டு ஒரு தாளில் கையொப்பம் வாங்கினால் யாருக்கும் மனக்கசப்பு வராது. பெரியவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டி வாங்கச் சொல்லுங்கள்.

கேமரா முன் வர விரும்பாத பிள்ளைக்குக் கேள்வி எழுதும் வேலையோ வெட்டும் வேலையோ கொடுங்கள். கூச்சம் உள்ள பிள்ளைகள்தான் அதில் நன்றாக உட்காருவார்கள்.

செபராங் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. தாமான் அம்மா, தப்பாக எடுக்கவே இல்லை, அந்தத் தாளை அப்படியே செய்கிறேன். வெட்டுவது எல்லாம் கணினிக்கூடத்தில்தான்.

இரண்டு கேள்வி பாக்கி. ஒன்று, நேற்று ஷாட்கட் நிறுவிக் கொஞ்சம் பார்த்தேன், கேன்வாவிலும் பார்த்தேன். கேன்வாவில் சில எழுத்துருவில் தமிழ் சரியாக வரவில்லை, கட்டம் கட்டமாக வந்தது. ஒரு பிள்ளையின் கைப்பேசிச் செயலியிலோ கொம்பு தனியாகப் பின்னால் போய் நின்றது. பிள்ளைகள் தலைப்பிலேயே தமிழைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்தால் தமிழாசிரியர் என்ற முறையில் என்னால் பொறுக்க முடியாது.

இரண்டாவது, புள்ளி எப்படிப் போடுவது? யூபிஎஸ்ஆர் (ஆண்டு 6 அரசுத் தேர்வு) 2021இல் போன பிறகு இந்த மாதிரி வேலைக்கெல்லாம் வகுப்பறை மதிப்பீடுதான், தேர்ச்சிநிலை 1 முதல் 6 வரை கொடுக்க வேண்டும். நான்கு பேர் செய்த காணொலியில் ஒவ்வொருவருக்கும் எப்படித் தனித்தனியாகக் கொடுப்பது?

புக்கிட் மெர்தாஜாம் ஆசிரியர்:

எழுத்துச் சிக்கலுக்கு நான் பதில் சொல்கிறேன். யூனிகோடில் கொ என்பதில் ககரம் முதலில், உயிர்க்குறி பிறகு என்றுதான் சேமிக்கப்படும். கொம்பை இடப்பக்கம் கொண்டுவந்து நிறுத்துவது எழுத்தைத் திரையில் வரையும் நிரலின் வேலை. அந்த வேலையைச் செய்யத் தெரியாத செயலியில்தான் கொம்பு பின்னால் போய் நிற்கும், நீங்கள் எந்த எழுத்துருவை மாற்றினாலும் சரியாகாது. கட்டம் வருவது வேறு, அந்த எழுத்துருவில் தமிழே இல்லை என்று அர்த்தம், நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும்.

கொம்புச் சிக்கலுக்கு எந்த மென்பொருளிலும் செல்லும் ஒரு வழி இருக்கிறது. தலைப்பைப் பவர்பாயின்டில் தட்டச்சு செய்யுங்கள். விண்டோஸில் நிர்மலா யூஐ என்ற தமிழ் எழுத்துரு ஏற்கெனவே இருக்கும். அந்த ஸ்லைடைப் பிஎன்ஜி படமாகச் சேமித்துக் காணொலியில் படமாகவே வையுங்கள். படம் ஆகிவிட்டால் எழுத்து எங்கும் உடையாது. மேக் வைத்திருப்பவர்களுக்கு நம் முத்து நெடுமாறன் செய்த இணைமதி எழுத்துரு அதிலேயே இருக்கிறது. பிள்ளைகள் கைப்பேசியில் தட்டச்சு செய்ய வேண்டும் என்றால் செல்லினம் என்ற தமிழ் விசைப்பலகைச் செயலியைப் போடச் சொல்லுங்கள், அதுவும் அவர் தந்ததுதான்.

இன்னும் ஒன்று சொல்கிறேன், கணினிக்கூடம் சார் கோபப்படக் கூடாது. 4 ஜிபி கணினி மட்டும்தான் கிடைக்கிறது என்ற நாளில் பவர்பாயின்டிலேயே முழுதையும் முடிக்கலாம். படங்களை ஸ்லைடுகளில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் பாட்டியின் குரல் துண்டைப் பொருத்தி, கடைசியில் காணொலியாக ஏற்றுமதி செய்தால் எம்பி4 வந்துவிடும். காணொலித் துண்டையும் அதற்குள்ளேயே வெட்டலாம். பிள்ளைகளுக்கு அது ஏற்கெனவே பழகிய மென்பொருள்.

புள்ளிக்கு வருகிறேன். முடிந்த காணொலியைப் பார்த்துப் புள்ளி போட்டால் வீட்டில் நல்ல கைப்பேசி இருக்கும் பிள்ளைக்குத்தான் போகும். நான் செய்வது இதுதான். கணினியைத் தொடும் முன்பு குழு தன் பதிவைக் கேட்டு, பெரியவர் சொன்னதை ஒரு தாளில் வரி வரியாக எழுத வேண்டும், எந்த நிமிடம் எந்த நொடி என்றும் குறிக்க வேண்டும். பத்து நிமிடப் பேச்சிலிருந்து எந்த இரண்டு நிமிடம் வேண்டும் என்று வண்ணப் பென்சிலால் கட்டம் போட வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் தன் பங்குக்கு ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்து அது ஏன் வேண்டும் என்று இரண்டு வரி எழுத வேண்டும். என் தேர்ச்சிநிலை அந்தத் தாளுக்கும், பிறகு நான் வாய்மொழியாகக் கேட்கும் கேள்விக்கும்தான். எதை விட்டாய், ஏன் விட்டாய் என்று கேட்டால் செய்த பிள்ளை உடனே சொல்லும், செய்யாத பிள்ளை பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கும். எழுதும்போது கேட்டல் திறன், எழுத்துத் திறன் எல்லாம் அதிலேயே வந்துவிடுகிறது, தமிழ் பாடத்துக்குத் தனியாக ஒன்று வைக்க வேண்டியதில்லை. அந்தத் தாள் இல்லாமல் நேராக மென்பொருளைத் திறந்தால் பிள்ளைகள் பொத்தானைத்தான் கற்றுக்கொள்வார்கள், பாட்டி சொன்னது காதில் விழாது.

கணினிக்கூடம்:

கோபம் எல்லாம் இல்லை சார், 4 ஜிபி கணினிக்குப் பவர்பாயின்ட் யோசனை சரியானது. ஆனால் குரல் ஓடும்போதே படம் பாட்டியின் கைக்கு மாறும் அந்த வெட்டைப் பவர்பாயின்டில் செய்வது சிரமம், ஒரு குழுவாவது ஷாட்கட்டில் செய்து பார்க்கட்டும்.

டீச்சர், ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் சொல்லவில்லை. ஷாட்கட் மாதிரி மென்பொருளில் சேமித்தால் காணொலி அதற்குள் போகாது, எந்தக் கோப்பில் எந்த இடத்தில் வெட்டினோம் என்ற குறிப்பு மட்டும்தான் சேமிப்பாகும். பிள்ளை விரலியை (பென்டிரைவை) செருகி, அதிலிருந்தே நேராக இழுத்துப் போட்டு, பிறகு விரலியைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால் மறுநாள் எல்லாம் காணவில்லை என்று வரும், பிள்ளை அழும். குழுவுக்கு ஒரு கோப்புறை போட்டு, எல்லாக் கோப்பையும் முதலில் அதில் நகலெடுத்து, குழு3_பாட்டி_01 என்று பெயர் மாற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் மென்பொருளைத் திறக்க வேண்டும். திறந்த பிறகு பெயரை மாற்றக் கூடாது, இடத்தை மாற்றக் கூடாது. ஒரே குழு கடைசி வரை ஒரே கணினியில் உட்காரட்டும், கணினியின் மேல் குழு எண்ணை ஒட்டிவிடுங்கள்.

செபராங் டீச்சர்:

இது எனக்குத் தெரியாது, மிக்க நன்றி சார். அப்படியென்றால் இப்படிச் செய்கிறேன்: முதல் வாரம் பேச்சை எழுதும் தாள் மட்டும், இரண்டாம் வாரம் வெட்டுவது, குரோம்புக் குழுக்கள் கேன்வா, மற்றவர்களில் ஓரளவு நல்ல கணினிக்கு ஷாட்கட், 4 ஜிபிக்குப் பவர்பாயின்ட். பின்னணி இசை? பிள்ளைகள் இப்போதே சினிமாப் பாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

கத்தரிப்பு:

பேசும்போது பாட்டே வேண்டாம் டீச்சர், பெரியவர் குரல் அதில் மூழ்கிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் கொஞ்சம் வேண்டுமென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இலவசமாக இருக்கிறது, அல்லது வகுப்பில் நன்றாகப் பாடும் பிள்ளையைப் பாடச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சினிமாப் பாட்டைப் போட்டு யூடியூபில் ஏற்றினால் உரிமைக் கோரிக்கை வந்து சில சமயம் குரலையே நிறுத்திவிடுவார்கள். பழைய தோட்டப் படம் வேண்டும் என்று இணையத்தில் கிடைப்பதை எடுக்கவும் வேண்டாம், விக்கிமீடியா காமன்ஸில் தேடி எடுத்துக் கடைசியில் எடுத்தவர் பெயரைப் போடட்டும். அதைவிட வீட்டு ஆல்பத்தில் இருக்கும் படம் மேல். கண்ணாடிச் சட்டத்திலிருந்து வெளியே எடுத்து, ஜன்னல் பக்கத்து வெளிச்சத்தில் தரையில் வைத்து, பிளாஷ் போடாமல் நேர் மேலிருந்து எடுக்கச் சொல்லுங்கள்.

தொகுக்கும்போது உதடும் குரலும் ஒட்டாமல் நகர்ந்துகொண்டே போனால் பயப்பட வேண்டாம், கைப்பேசிக் காணொலியில் பிரேம் வேகம் மாறிக்கொண்டே இருப்பதால் வருவது. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் போட்டு மாறாத பிரேம் வேகம் என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டுத் தொகுத்தால் சரியாகிவிடும். முடியவில்லை என்றால் இங்கேயே எழுதுங்கள், சனிக்கிழமைகளில் கல்யாணம் இருக்கும், மற்ற நாள் இரவில் பதில் போடுகிறேன்.